பழம்பொருள்களைக் கொண்டு புறக்கடைக் கோழிக்கூடு அமைத்தல்

திருவண்ணாமலையில் பௌர்ணமி கழிந்த மறுநாட் காலையில், கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர் தூரத்தையும் ஒருவர் நிதானமாகச் சுற்றி வருவாராயின், ஜனங்கள் விட்டுச் சென்ற குப்பைக்கு நடுவே குடியானவருக்கு உதவக்கூடிய சாமான்கள் பல கிடப்பதைக் காண்பார். கடைப் பந்தல்களைப் பிரித்தபின் எஞ்சிய மூங்கிற்கழிகள், ஓரம் கிழிந்த தென்னங்கீற்றுகள், பழப்பெட்டிகளின் பலகைகள், பலகாரக் கடைகளில் காலியான எண்ணெய் டின்கள், விளம்பரத் தட்டிகளின் துணி ஆகியவை அங்கங்கே ஒதுக்கப்பட்டிருக்கும். கார்த்திகைத் தீபத்துக்குப் பின்னும் சித்திரைப் பௌர்ணமிக்குப் பின்னும் இவை பன்மடங்காகும். இவற்றுட் சில பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. மிகுதி குப்பை வண்டியில் ஏறுகிறது. அதே சமயத்தில், ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், கூடு இல்லாத கோழிகள் வேப்பமரக் கிளையிலும் மாட்டுக்கொட்டகை உத்திரத்திலும் அடைந்து, கீரிக்கும் பூனைக்கும் ஒவ்வொன்றாக இரையாகி வருகின்றன. இவ்விரண்டு நஷ்டங்களில் முதலாவதைக் கொண்டு இரண்டாவதைத் தடுக்கும் வகையைப் பின்வரும் விவரங்கள் தெரிவிக்கும்.

கோழி வளர்ப்பு என்பது வீட்டுப் பெண்டிர் கவனிக்கும் அற்ப விஷயம் என்று எண்ணும் நிலச்சுவான்தார்கள் இன்றும் உண்டு. நெல்லுக்கும் மணிலாக்கொட்டைக்கும் வரவு செலவு எழுதி வைப்பவர், புறக்கடைக் கோழிக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆனால் 2019ஆம் வருஷத்தில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் இருந்த சுமார் 85 கோடி கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளுள் 31 கோடியே 70 லட்சம் பெரிய பண்ணைகளில் அன்றி வீட்டுப் புறக்கடைகளிலேயே வளர்ந்தவை. 2012ஆம் வருஷத்துக் கணக்கைக் காட்டிலும் இத்தொகை ஏறக்குறைய நூற்றுக்கு 46 வீதம் கூடியிருந்தது. தமிழ்நாட்டின் பறவைத் தொகை 12 கோடியைக் கடந்து எல்லா ராஜ்யங்களிலும் முதலாவதாக நின்றது. அதற்கு நாமக்கல் பண்ணைகளே பெருங்காரணம் என்பது உண்மையே. எனினும் அவசரத்துக்குக் கைக்கு வரும் காசு நாமக்கல்லிலிருந்து வருவதன்று. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலும், வீட்டில் ஒருவருக்குச் சுரம் கண்ட நாளிலும், குடியானவர் மனைவி ஒரு சேவலை விற்றே சமாளிக்கிறாள்.

அந்தச் சேவல் எப்படி இல்லாமற் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துச் சிறுவிடைக் கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை வரை இடும். வருஷத்தில் மூன்று நான்கு ஈடுகள் இடும். பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்தால், 21 நாளில் ஒன்பது அல்லது பத்துக் குஞ்சுகள் பொரிக்கும். இரண்டு மாதம் சென்றபின் எண்ணினால், மூன்றோ நான்கோ மிஞ்சியிருப்பதையே அநேக வீடுகளில் காணலாம். மற்றவை எங்கே என்று கேட்டால், பருந்து கொண்டுபோயிற்று, பூனை தின்றது, மழையில் விறைத்தது, கழிச்சலில் மாண்டது என்பார்கள். இவற்றுள் பகலில் வரும் பருந்தையும் காக்கையையும் கூடு தடுக்காது. நோயையும் தானாகத் தடுக்காது. இரவில் வரும் சத்துருக்களையும் மழைக்குளிரையும் மட்டுமே அது தடுக்கும். அவ்வளவு தடுத்தாலும் ஈட்டுக்கு இரண்டு மூன்று உருப்படிகள் கூடுதலாக மிஞ்சுமாயின், வருஷக் கடைசியில் அது ஓர் ஆட்டின் விலையை எட்டும்.

இடம்

கூட்டுக்கு முதலில் வேண்டியது மேட்டிடம். திருவண்ணாமலை ஜில்லாவில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பலத்துப் பெய்கிறது. 2024 நவம்பர் 30ஆந் தேதி கரையைக் கடந்த பெஞ்சல் புயலை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வீழ்ந்து, அடிவாரத்து வீட்டிலிருந்த எழுவர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. அத்தகைய இரவில் எவரும் கோழியை நினைக்க முடியாது, நினைக்கவும் கூடாது. ஆகையால், நல்ல வெயில் நாளிலேயே, தண்ணீர் எவ்வழி வரும், எங்கே தேங்கும் என்று பார்த்துக் கூட்டின் இடத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். மலைச் சரிவின் ஓடைவாயிலும், ஆற்றங்கரைத் தாழ்விலும், வீட்டுக் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்திலும் கூடு வைப்பது தவறு.

வேம்பு அல்லது புங்க மரத்தின் நிழல் உத்தமம். தென்னையின் அடியில் வைத்தால் மட்டையும் காயும் விழும். வைக்கோற்போருக்கும் சமையலறைப் புகைபோக்கிக்கும் அருகில் கீற்றுக் கூரை போடலாகாது. கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடும்படி வைத்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே தாக்கும். சித்திரை, வைகாசி உஷ்ணத்தில் இதன் அருமை தெரியும். வாயில் தெற்கு நோக்கியிருப்பது நலம். மழைக்காலத்துச் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவதால், அவ்விரு பக்கங்களுக்கு மட்டும் சாக்குப் படுதா போதும்.

எடுக்கத் தக்கவையும் தகாதவையும்

பழம்பொருள் என்றதும் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு வருதல் சிக்கனம் ஆகாது. அவ்வாறு கட்டிய கூடு ஒரு மழைக்குத் தாங்காது. தாங்கினாலும் கோழிக்கு வேறு கேடு விளைவிக்கும்.

கால்களுக்குச் சவுக்குக் கழியே தகுதி. பந்தற்காரர் கழிக்கும் துண்டுக் கழிகள் ஆறடிக்குக் குறையாமல் இருந்தால் போதும். மூங்கிலைக் கையில் எடுத்துத் தரையில் தட்டிப் பார்க்க வேண்டும். மாவுபோன்ற தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு துளைத்திருக்கிறது. அதை அடுப்புக்கு அனுப்பலாம். கூரைக்கு, ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுவோரிடம் நாட்டு ஓடும் சீமை ஓடும் மலிவாகவே கிடைக்கின்றன. ஓடு குளிர்ச்சியானது, ஆனால் பாரமானது. சட்டம் மெலிந்திருந்தால் ஓட்டை விட்டுக் கீற்றைக் கொள்வதே மேல். கீற்றுக்கு அடியில் விளம்பரத் தட்டியின் துணியை ஒரு மடிப்பு விரித்தால் ஒழுக்கு நின்றுவிடும். அத்துணியைச் சுவருக்குக் கட்டுவது கூடாது; காற்றை அடைப்பதோடு, கோழிகள் அதன் மேற்பூச்சைக் கொத்தித் தின்னும். எண்ணெய் டின்னைப் பிளந்து தட்டி விரித்தால் நல்ல தகடு ஆகும். வெயிலில் அது கொதிக்குமாகையால், கூரைக்கு இட்டால் மேலே ஓலை மூட வேண்டும்.

பக்கங்களுக்கு, மணல் சலிக்கும் சல்லடையின் தேய்ந்த வலை மிகச் சிறந்தது. கட்டட வேலைக்காரர் அதன் சட்டம் உடைந்ததும் எறிந்துவிடுகின்றனர். கடையில் விற்கும் அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை, கோழியை உள்ளே வைக்கப் பயன்படுமேயன்றி, கீரியை வெளியே வைக்கப் பயன்படாது. மெல்லிய கம்பியைப் பெருச்சாளி கடித்துவிடும். அகன்ற கண்ணில் பாம்பு நுழையும். அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணே வேண்டுவது. பழைய ஜன்னல் கம்பிச் சட்டம் கிடைத்தால், அதன்மேல் இவ்வலையைக் கட்டுவதால் இரட்டைக் காவல் ஆகும். இணைப்புகளுக்குச் சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து முறுக்கிக் கட்டினால் கயிற்றைவிட நெடுநாள் உழைக்கும்; பழைய டயரின் துண்டு கதவுக் கீலாக உதவும். ஆணிகளைப் பிடுங்கி நிமிர்த்திக்கொள்ளலாம். ஆயினும் துருப்பிடித்த ஆணி குத்தினவர், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளவும்.

இனித் தகாதவை. கல்நார்த் தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் வேண்டாம். அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் நுண்தூள் சுவாசப்பைக்குள் சென்று, பல வருஷங்கள் கழித்துக் கொடிய நோயை உண்டாக்கும். பூச்சிமருந்து இருந்த டின்னையும் பீப்பாயையும் எத்தனை முறை கழுவினாலும், தண்ணீர்த் தொட்டியாகவோ தீனித் தொட்டியாகவோ உபயோகித்தல் ஆகாது. பழைய மின்கலப் பெட்டிகளில் ஈயம் உண்டு. வர்ணம் பூசிய பழைய கதவுகள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். உரியும் சிம்புகளைக் கோழி கொத்தினால் அந்த ஈயம் முட்டைக்கும், முட்டையிலிருந்து குழந்தைக்கும் போகும். தார் ஊறிய ரயில் கட்டைகளும் வேண்டாம்.

மற்றொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. கிடப்பதெல்லாம் எடுப்பாருக்கு உரியதன்று. பந்தற்கழிக்குப் பந்தற்காரரும், கோயில் மரத்துக்குத் தேவஸ்தானமும் உடைமைக்காரர், கேட்டுப் பெறவேண்டும். அண்ணாமலை காப்புக்காடாகும், அங்கே ஒரு கழி வெட்டுவதும் குற்றம்.

உண்ணியின் உபத்திரவம்

பழைய மரத்தில் கூடு கட்டுவோர் பெரும்பாலும் அறியாத ஆபத்து ஒன்றுண்டு. அது கோழி உண்ணி. ஆட்டிலும் மாட்டிலும் ஒட்டிக்கொண்டே கிடக்கும் உண்ணியைப் போன்றதன்று இது. பகலெல்லாம் மரத்தின் வெடிப்பிலும் மூங்கிலின் கணுவிலும் பட்டைக்கு அடியிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வெளிவந்து இரத்தம் உறிஞ்சிவிட்டு, விடியுமுன் திரும்பிவிடும். ஆதலால், பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்ப்பவர் முதிர்ந்த உண்ணி ஒன்றையும் காணார். கோழியோ நாளுக்கு நாள் வெளுத்து, கொண்டை வாடி, முட்டை இடுவதை நிறுத்தும். இரத்தம் குறைவதோடு, உண்ணிக்காய்ச்சல் என்னும் கொல்லும் நோயையும் இது பரப்புகிறது. இன்னும் விசேஷம் என்னவெனில், இரை இல்லாமலே இது ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். போன வருஷம் கோழி செத்த வீட்டின் பழைய கூட்டுப் பலகையை இந்த வருஷம் வாங்கி வருபவர், பலகையோடு உண்ணியையும் கொண்டு வருகிறார்.

ஆகவே, கழி, பலகை எதுவாயினும், வீட்டுக்குள் கொண்டுவருமுன் ஒருவாரம் நல்ல வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். வெயில் மட்டும் போதாது. வெடிப்புகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும்; மூங்கிலின் இரு முனைகளையும் கணுக்களையும் வைக்கோல் தீயில் வாட்ட வேண்டும். பட்டை ஒட்டிய மரத்தின் பட்டையை உரித்தெறிக. பின்னர், சேறும் சாணமும் கலந்து வெடிப்புகளை அடைத்து, புதுச் சுண்ணாம்பை நீர்த்து இரண்டு முறை அடிக்கவேண்டும். சுண்ணாம்பு அடிப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். இரவில் விளக்கோடு சென்று, கழியின் அடிப்புறத்தில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால், உண்ணி இருப்பின் இரத்தக்கறை துணியில் தெரியும். எளிய சோதனை, அநேகர் செய்வதில்லை.

கட்டும் முறை

பத்து அல்லது பன்னிரண்டு பெரிய கோழிகள் இராத்தங்க நாலடி நீளமும் மூன்றடி அகலமும் போதும். கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி என்பது கணக்கு. பகலில் வெளியே மேயும் கோழிக்கே இக்கணக்கு பொருந்தும். அடைத்தே வளர்ப்பவருக்கு இதுபோல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும்.

முன்கால்கள் இரண்டும் ஆறரை அடி, பின்கால்கள் ஆறடி. இவற்றில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போகும். புதையும் பாகத்தைத் தீயில் கரியாகும்வரை வாட்டி, குழியில் கருங்கற் சில்லு இட்டு இடித்து நிறுத்தினால் கரையான் அரிப்பது தாமதமாகும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கூட்டின் அடித்தளம் அமையவேண்டும். அதற்குமேல் முன்பக்கம் மூன்றடியும் பின்பக்கம் இரண்டரை அடியும் நிற்பதால், கூரை தானே பின்னோக்கிச் சரியும். கூரை நாற்புறமும் ஓரடி வெளியே நீண்டிருத்தல் அவசியம். இந்த ஓரடியை மிச்சப்படுத்தப் பார்த்த கூடுகளே மழையில் நனைகின்றன.

அடித்தளத்துக்கு மூங்கிலைப் பிளந்து, வழவழப்பான புறம் மேலாக, அரை அங்குல இடைவெளி விட்டுக் கட்டுக. எச்சம் கீழே விழும். அரை அங்குலத்துக்கு மேல் விட்டால் கோழியின் கால் சிக்கும், எலியும் ஏறும். கால்களில் எறும்பு ஏறாமலிருக்கச் சிரட்டையில் தண்ணீர் வைப்பது வழக்கம். அத்தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஆகையால் தண்ணீருக்குப் பதில் கழிவு எண்ணெயில் நனைத்த கந்தையைக் காலில் சுற்றலாம். கோழி அதைக் கொத்தாதபடி மேலே தகரம் மூடவேண்டும்.

சுவர்களின் கீழ்ப்பாதியைப் பலகையால் அடைத்து, மேலே கூரையை ஒட்டி நீளப்பக்கங்கள் இரண்டிலும் ஆறங்குலத்துக்குக் குறையாமல் வலை மட்டும் இட்டுக் காற்றுக்கு விடவேண்டும். குளிருக்குப் பயந்து முழுதும் அடைக்கிறார்கள். அது பெரும் பிழை. கோழி குளிரைப் பொறுக்கும். தன் எச்சத்திலிருந்து எழும் காரநெடியைப் பொறுக்காது. விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் உள்ளே முகத்தை நீட்டிப் பார்க்க. கண் எரியுமாயின் அக்கூட்டில் காற்று போதவில்லை.

உள்ளே, நாலடி நீளக் கழிகள் இரண்டை, முன் சுவருக்கும் பின் சுவருக்கும் ஒன்பது அங்குலம் தள்ளி, ஒரே உயரத்தில் பொருத்துக. ஒரு கோழிக்கு எட்டங்குலம் வேண்டுமாகையால் இரண்டு கழியிலும் பன்னிரண்டு அடங்கும். ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக வைத்தால், மேற்கழிக்காக அந்தியில் சண்டை நிகழும். கழி ஒன்றரை முதல் இரண்டங்குலக் கனத்தில், கூர்முனை இல்லாதிருக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால், பூனை வலைக்குள் நகத்தை விட்டு உறங்கும் கோழியின் காலை இழுக்கும்.

கதவு ஓரடி அகலம் போதும். தாழ்ப்பாள் ஒரே அசைவில் திறப்பதாயிருத்தல் கூடாது; நாய் மூக்கால் தள்ளியே திறந்துவிடும். தூக்கித் திருப்பினால் மட்டுமே திறக்கும் கொக்கியே நல்லது. இரண்டு கால் திருடருக்கு அதுவும் போதாது. பழைய சைக்கிள் சங்கிலியும் பூட்டும் தேவைப்படும்.

முட்டையிடுவதற்கு, பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைப் படுக்கவைத்து, ஒரு முகத்தை வெட்டி எடுத்து, விளிம்புகளை உள்ளே மடக்கித் தட்டி, வைக்கோல் பரப்பினால் போதும். ஒன்பதங்குலத்துக்குச் சற்று மிஞ்சிய சதுரமாகிய இது சிறுவிடைக்குச் சரியாக இருக்கும். பெருவிடைக்கு இடம் போதாது. அதற்கு வாயுடைந்த அகலப் பானையில் மணல் இட்டு வைக்கலாம். பன்னிரண்டு கோழிக்கு மூன்று இடம் இருந்தால் சச்சரவில்லை. அடை வைக்கும் கூடையில் இரும்புத்துண்டும் காய்ந்த மிளகாயும் அடுப்புக்கரியும் போடுகிற வழக்கம் கிராமங்களில் உண்டு. இடி இடித்தால் முட்டை கூழாகாது என்பது நம்பிக்கை. அதனால் கெடுதி ஒன்றுமில்லை. ஆனால் ஏழாம் நாள் இரவு முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கருவில்லாததை நீக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தால் மிக்க பயன் தரும்.

தீனியும் தரையும்

கூட்டின் அடியில் எச்சம் விழுமிடத்தில் மணிலாத் தோலை மூன்றங்குலம் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறி, மாதம் ஒருமுறை வாரி எருக்குழியில் சேர்த்தால், கத்தரிக்கும் முருங்கைக்கும் வேறு உரம் தேடவேண்டியதில்லை. மணிலா மிகுதியாய் விளையும் இந்த ஜில்லாவில் தோலுக்குக் குறைவில்லை. குஞ்சுகளுக்கெனத் தனியே ஒரு மூலையை வலையால் தடுத்து, தளத்தின்மேல் சாக்கு விரித்து அதே தோலைப் பரப்பலாம். தோல் பூசணம் பிடித்ததாயிருந்தால், அதன் தூள் குஞ்சின் சுவாசப்பைக்குள் சென்று கொல்லும். மழையில் நனைந்து கறுத்த மணிலாவையும் அதன் பிண்ணாக்கையும், விற்க முடியவில்லை என்று கோழிக்குப் போடுவது அதனினும் கேடு. 1960ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்ததில், தீனியிற் கலந்த மணிலாப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் விஷமே காரணம் என்று கண்டார்கள். அவ்விஷத்துக்கு அஃப்லாடாக்ஸின் என்று பெயர். மனிதரின் ஈரலையும் அது கெடுக்கும்.

நொய், கம்பு, கேழ்வரகு, களத்துச் சாவி, முருங்கைக்கீரை ஆகியவற்றோடு கரையானும் குஞ்சுக்கு அருமையான இரை. பழைய பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு இவற்றை அடைத்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் மண்ணில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். முட்டையோட்டை வறுத்துப் பொடித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து வீட்டிலேயே கிடைக்கும். இராத்திரி மிச்சத் தீனியைக் கூட்டில் விடக்கூடாது. தீனிக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும்.

கழிச்சலுக்கு ஊசி

கூடு நன்கு அமைந்தும் ஒரே வாரத்தில் புறக்கடை காலியாவதுண்டு. வெள்ளைக் கழிச்சல் என்று ஜனங்கள் கூறும் அந்நோய், 1926ஆம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகிலும் முதன்முதல் அறியப்பட்டது. அதற்குச் சற்றுப் பின் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத்தில் காணப்பட்டதால், நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. அவ்வூசி மருந்தைத் தயாரிக்கும் சர்க்கார் நிலையமும் வெகுதூரத்தில் இல்லை. பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த ராணிப்பேட்டையில் 1932 முதல் நடந்துவருகிறது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டு வாரம் கடந்தபின் இறக்கையின் அடியில் ஊசியும் போடவேண்டும். தமிழ்நாடு கால்நடை பராமரிப்பு இலாகா பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களைக் கிராமந்தோறும் நடத்தி வருகிறது. ஊசி இலவசம். ஆயினும் முகாமுக்கு வரும் கோழிகள் ஊரிலுள்ளவற்றில் ஒரு பகுதியே. இதற்குக் காரணம் பெரும்பாலும் மனமின்மை அன்று. மரத்தில் அடையும் கோழியைக் காலையில் பிடிக்க முடிவதில்லை. டாக்டர் வந்து நிற்பார். கோழி கூரைமேல் நிற்கும். கூடு உள்ளவர் விடியுமுன் கதவைத் திறவாதிருந்தால் போதும். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம். கூட்டினால் நோய்க்கும் மறைமுகமாய்க் காவல் உண்டு என்பது இதனால் விளங்கும்.

ஒருநாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால், அவற்றைச் சந்தைக்கு அனுப்புவதும் கிணற்றருகே எறிவதும் பெரும் அநியாயம். 2006ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்து நவாபூரில் முதலில் தோன்றிய பறவைக்காய்ச்சல், அதன்பின் நாட்டின் பல பாகங்களில் வந்து போயிருக்கிறது. கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க. செத்ததை வெறுங்கையால் தொடாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க.

முன்னோர் செய்த முயற்சி

எளிய சாமான்களைக் கொண்டு கிராமக் கோழி வளர்ப்பைச் சீர்ப்படுத்துவது இன்று தோன்றிய யோசனை அன்று. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும், 1956 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் அடங்கியதுமான மார்த்தாண்டத்தில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாச் என்பவர் 1920களில் ஒரு கிராம புனருத்தாரண நிலையம் நடத்தினார். கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அங்கே கற்பிக்கப்பட்டன. முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்க ஏற்பாடும் இருந்தது. ஏழைக் குடியானவர் தாமே செய்துகொள்ள இயலாத எதையும் செய்து காட்டுவதில் பயனில்லை என்பது அவருடைய கொள்கை. நமக்கு அண்மையில், காட்பாடியில் அமெரிக்க ஆற்காட்டு மிஷன் நடத்திய விவசாயப் பள்ளியும் அதே காலத்தில் கோழி வளர்ப்பில் கவனம் செலுத்திற்று. சீமைச் சேவல்களைக் கிராமத்துக்குக் கொண்டுவந்ததே இம்முயற்சிகளில் அதிகமாய்ப் பேசப்படுகிறது. ஆனால் சீமைச் சேவலுக்கும் இராத்தங்க இடம் வேண்டியிருந்தது; அதைப்பற்றிப் பேசுவோர் குறைவு.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

மணியமும் கர்ணமும் 1980இல் நீக்கப்பட்டபின், கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் செயலரும் அவர்கள் பார்த்த ஊர்க்காரியங்களைப் பங்கிட்டுக் கொண்டுள்ளனர். இவ்விஷயத்தில் அவர்களால் ஆகக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கிரிவலப் பாதையை ஒட்டிய பஞ்சாயத்துகள், விழா முடிந்த மறுநாள், கழி, பலகை, டின் ஆகியவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றுமுன் ஓரிடத்தில் தனியே ஒதுக்கி, வேண்டுவோர் எடுத்துச் செல்ல ஒருநாள் அவகாசம் தரலாம். கைம்பெண்களும் நிலமில்லாதவர்களும் முதலில் எடுத்துக்கொள்ளும்படி செய்தல் நியாயம். வண்டி வைத்திருப்பவர் முந்திக்கொள்வதே உலகவழக்கமாயிருக்கிறது. தடுப்பூசி முகாமின் தேதியை முந்தின நாள் அந்தியிலேயே தண்டோராவாலோ ஒலிபெருக்கியாலோ அறிவித்தால்தான் பெண்கள் கோழிகளை அடைத்து வைக்க இயலும். காலை எட்டு மணிக்கு, கோழிகள் மேயப் போனபின், அறிவித்து ஆவதென்ன?

நிலச்சுவான்தார் வீடுகளில் களத்து மேட்டில் இத்தகைய கூடு ஒன்றைப் பலர் கண்ணிலும் படும்படி முதலில் கட்டி வைத்தால், அக்கம்பக்கத்தார் அளவு எடுத்துப் போவார்கள். ஆள் வைத்துச் செய்தாலும் இரண்டு நாள் கூலிக்கு மேற்படாது. தாமே செய்பவருக்கு வலையும் சுண்ணாம்பும் தவிரச் செலவில்லை.

காலக்கிரமம் பின்வருமாறு அமைதல் சௌகரியம்: கார்த்திகைத் தீபம் முடிந்ததும் சாமான் சேர்ப்பது, மார்கழியில் மழை விட்ட நாள்களில் அவற்றைக் காயவைத்து, வாட்டிச் சுண்ணாம்பு அடிப்பது, பொங்கல் கழிந்த வாரத்தில் கூடு கட்டுவது. கோழிகள் புதுக் கூட்டில் தாமாக அடையப் பத்து நாள் செல்லும். அதுவரை, அந்தி மயங்குமுன் சிறிது நொய்யை உள்ளே தூவி அழைத்து, ஏறியதும் கதவைச் சாத்தவேண்டும். அப்படியானால் பிப்ரவரி முகாமுக்கு எல்லாம் கைக்கு அகப்படும்.